கோப்பையும் பையனும்

சிறைச்சாலையைப் பற்றி எழுதப்பட்ட புஸ்தகங்களில் பெரும்பாலானவை ஒரே புஸ்தகம்தான். ஒருவன் உள்ளே போகிறான், கஷ்டப்படுகிறான், திருந்தியோ கெட்டோ வெளியே வருகிறான். ஆசிரியர் இரக்கப்படச் சொல்லுகிற இடத்தில் நாம் இரக்கப்படுகிறோம். கோபப்படச் சொல்லுகிற இடத்தில் கோபப்படுகிறோம். பிறகு புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காபி சாப்பிடப் போகிறோம். கைதி இளவயசுக்காரனாக இருந்துவிட்டால் ஆசிரியருக்கு வேலை இன்னும் சுலபம். பதினேழு வயதுப் பையனைப் பூட்டி வைத்தால் யாருக்குத்தான் மனம் இளகாது? ஆனால் வாசகனின் இளகிய மனத்தை நம்பி எழுதுகிறவன் நல்ல நாவலாசிரியனாக ஆகமுடியாது என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சுலபத்துக்கு இடம் கொடாத இரண்டு புஸ்தகங்கள் இங்கிலாந்தில் ஒரு வருஷ இடைவெளியில் வெளிவந்தன. ஒன்று, பிரெண்டன் பீஹன் என்ற ஐரிஷ்காரர் 1958-ல் வெளியிட்ட 'போர்ஸ்டல் பாய்'. மற்றது, ஆலன் ஸில்லிட்டோ 1959-ல் வெளியிட்ட 'தி லோன்லினெஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்' என்கிற நீண்ட கதை. நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை என்று தமிழில் சொல்லலாம். இரண்டும் போர்ஸ்டல் என்ற ஒரே ஸ்தாபனத்தைப் பற்றியவை. முதல் புஸ்தகத்தை மட்டும் படித்தவன், சிறை என்று ஒன்று இருந்தாக வேண்டுமானால் அது இப்படி இருக்கட்டும் என்பான். இரண்டாவதை மட்டும் படித்தவன் அதை இடித்துத் தள்ளு என்பான். இருவரும் பொய் சொல்லுகிறவர்கள் அல்ல. பின் எப்படி இந்த முரண்பாடு வந்தது? அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது இலக்கியத்துக்கும் நல்லது, சிறையைப் பற்றி நாம் வைத்திருக்கிற கருத்துக்களுக்கும் நல்லது.

போர்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் ஜில்லாவில், ராச்செஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமம். சிறை இலாகாவின் தலைவராக இருந்த ஸர் ஈவ்லின் ரகில்ஸ்-பிரைஸ் என்பவர், அமெரிக்காவில் எல்மைரா என்ற இடத்தில் இளங்குற்றவாளிகளுக்கென்று நடந்த சீர்திருத்தச் சிறையை 1897-ல் பார்த்துவிட்டு வந்து, அந்தக் கிராமத்துச் சிறையில் ஒரு சோதனை ஆரம்பித்தார். 16 வயதிலிருந்து 21 வயது வரை உள்ளவர்களைப் பெரிய கைதிகளோடு சேர்க்கக்கூடாது. அவர்களுக்குத் தொழிலும் ஒழுங்கும் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பது யோசனை. 1908-ல் இதற்குச் சட்டமே வந்தது. கிராமத்தின் பெயர் ஸ்தாபனத்தின் பெயராகிக் கடல் தாண்டிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர்களுக்குப் போர்ஸ்டல் பள்ளி என்ற பெயர் புதிதாக இராது. சென்னை மாகாணம் 1925-ஆம் ஆண்டின் போர்ஸ்டல் பள்ளிகள் சட்டத்தில் அந்தப் பெயரையும் அந்த வயதுக் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

1922-ல் அலெக்ஸாண்டர் பேட்டர்ஸன் என்பவர் சிறைக் கமிஷனர்களில் ஒருவராக வந்தார். அவர்தான் போர்ஸ்டலுக்கு ஆத்மாவைக் கொடுத்தவர் என்று சொல்லுவார்கள். சர்வகலாசாலைகளில் படித்த இளைஞர்களை அழைத்து வந்து, ஒவ்வொரு விடுதிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார். உத்தியோகஸ்தர்களின் உடுப்பைக் கழற்றச் சொன்னார். விடுதியின் பொறுப்பாளருக்குத் தன் கீழே உள்ள ஒவ்வொரு பையனையும், பெயரோடும் கதையோடும் தெரிந்திருக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. 1930-ல் ஒரு கூட்டம் பையன்களை ஃபெல்த்தாமிலிருந்து நாட்டிங்காம் பக்கத்து லோடாம் கிரேஞ்சுக்கு நூறு மைலுக்கு மேல் ரோடு வழியாக நடத்தியே கூட்டிப் போனார்கள். அங்கே தங்கள் சிறையைத் தாங்களே கட்டினார்கள். அதைச் சுற்றி மதில் கிடையாது. இங்கிலாந்தின் முதல் திறந்த போர்ஸ்டல் அதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. போர்ஸ்டல் தண்டனைக்குக் குறிப்பிட்ட நாள் கிடையாது. அதிகபட்சம் இத்தனை வருஷம் என்று நீதிபதி சொல்லுவார். அதற்குள் எப்போது வெளியே விடுவது என்பது உள்ளே இருப்பவர்களின் அபிப்பிராயத்தைப் பொறுத்தது. பையன் திருந்திவிட்டான் என்று அவர்களுக்குத் தோன்றவேண்டும். திருந்துவது ஒரு காரியம். திருந்தியதாகத் தோன்றுவது வேறு காரியம். இந்த இடைவெளியில்தான் இரண்டு புஸ்தகங்களும் பிறந்திருக்கின்றன.

பீஹன் 1939 டிசம்பரில் லிவர்பூலில் வெடிமருந்துகளோடு பிடிபட்டபோது அவருக்கு வயது 16. ஐரிஷ் குடியரசுப் படையைச் சேர்ந்தவர். பெரியவனாக இருந்திருந்தால் நெடுங்காலக் கடுங்காவல் கிடைத்திருக்கும்; வயது காப்பாற்றியது. மூன்று வருஷப் போர்ஸ்டல் தண்டனை விதித்தார்கள். 1941-ல் விடுதலை செய்து அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பதினேழு வருஷங்களுக்குப் பிறகு, நாடகாசிரியராகப் பெயர் பெற்றபின், அவர் அதை எழுதினார். சுயசரிதை என்று பெயர். ஆனால் பேச்சுக்களும் பாத்திரங்களும் நாவலாசிரியனின் கைபட்டவை. நான் அதை நாவலாகவே படிக்கிறேன்.

புஸ்தகத்தின் முதல் பகுதி விசாரணைக் காலத்தில் அவரை வைத்திருந்த வால்ட்டன் ஜெயிலைப் பற்றியது. குளிரும் பசியும் தபால் பை தைப்பதும் நிறைந்த பகுதி. இதில் ஒரு காட்சியை மறக்க முடியாது. ஐரிஷ்காரர் இருவரைப் பர்மிங்காமில் தூக்கிலிடப் போகிறார்கள். வால்ட்டனில் இருக்கிற இன்னொரு ஐரிஷ் கைதி தன் அறையிலிருந்து தேசிய கோஷம் போட்டுவிட்டு, பீஹனும் போடவேண்டும் என்று கத்துகிறான். போட்டால் அடி விழும். பதினாறு வயதுத் தேசபக்தன் என்ன செய்கிறான்? வார்டர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, முணுமுணுப்பாகக் கோஷம் போடுகிறான். மட்டமான ஆசிரியர் இந்த இடத்தில் மார்தட்டியிருப்பார். பீஹன் தன் பயத்தை நமக்குக் காட்டிவிட்டு, அதைப் பார்த்துத் தானும் சிரிக்கிறார். இந்த ஒரு காட்சியினாலேயே அவர் சொல்லப்போகிற மற்ற எல்லாவற்றையும் நாம் நம்பத் தயாராகிவிடுகிறோம்.

பிற்பகுதி ஸஃபக் ஜில்லாவில் ஹாலெஸ்லி பே என்ற திறந்த போர்ஸ்டலில் நடக்கிறது. வயலும் பழத்தோட்டமும் பக்கத்திலே சமுத்திரமும் உள்ள இடம். அங்கே தலைமை அதிகாரியைக் கவர்னர் என்பார்கள்; நம்மூர் சூப்பரிண்டெண்டெண்டு மாதிரி. பீஹன் வருகிற கவர்னருக்குப் பையன்கள் மிராசுதார் என்று சொல்லுகிற தோரணையில் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. தன் நாட்டில் குண்டு வைக்க வந்த பையன் இவன் என்பது அவருக்குத் தெரியும். அவனுடைய அரசியலை மாற்ற அவர் முயலவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை என்று காட்சிப் பொருளாக்கவும் இல்லை. மற்றவர்களைப் போல அவனையும் வேலைக்கு அனுப்பினார். டப்ளின் நகரத்துச் சந்துகளில் வளர்ந்த அவன், லண்டன் சந்துகளிலிருந்து வந்த திருட்டுப் பையன்கள்தாம் தன் ஜாதி என்று அங்கே கண்டுகொள்கிறான். இங்கிலீஷ்காரனை வெறுப்பதற்கென்று வந்தவனுக்கு நெருங்கிய சிநேகிதன் சார்லி என்கிற இங்கிலீஷ் மாலுமிப் பையன். இந்தக் கண்டுபிடிப்பை எந்த உபதேசமும் அவனுக்குத் தந்திருக்க முடியாது. உபதேசம் இல்லாததனால்தான் அது நடந்தது.

ஸில்லிட்டோ போர்ஸ்டலில் இருந்தவரல்ல. நாட்டிங்காமில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, ராலே சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். உள்ளே போனவர்களை அவருக்குத் தெரியும். அவருடைய ஸ்மித், ரொட்டிக் கடையில் பணம் திருடியவன். பணத்தை வீட்டு முன்னே மழைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குள் சொருகி வைக்கிறான். போலீஸ்காரன் வாசலில் நின்று துளைத்துக் கேட்கிறபோது மழை கொட்டுகிறது. நோட்டுகள் ஒவ்வொன்றாகக் குழாயிலிருந்து நழுவி அவன் கண்ணெதிரே விழுகின்றன. சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகிற இடம் அது.

ஸ்மித்துக்கு நன்றாக ஓட வருகிறது. எல்லாப் போர்ஸ்டல்களும் கலந்துகொள்கிற ஓட்டப் பந்தயத்தில் கோப்பையை ஜெயித்துத் தரவேண்டும் என்று கவர்னருக்கு ஆசை. அதற்காக விடியற்காலையில் அவனை மட்டும் வெளியே ஓடவிடுகிறார்கள். உறைபனி மூடிய வயல்களில், உலகத்தில் வேறு யாருமே விழித்திராத நேரத்தில், அவன் தனியாக ஓடுகிறான். அந்த ஓட்டத்தின் போதுதான் அவனுக்குச் சிந்தனை வருகிறது. புற்றுநோயில் டாக்டர்களையும் மருந்தையும் விரட்டிவிட்டு அவன் அப்பா செத்த விதம் ஞாபகம் வருகிறது. பந்தயத்தன்று எல்லோருக்கும் முன்னால் வந்து, முடிவுக் கோட்டுக்குச் சற்று இப்பால் நின்றுவிடுகிறான். பின்னால் வருகிறவன் தாண்டிப் போகும்வரை நிற்கிறான். கோப்பை போய்விடுகிறது. மீதி ஆறு மாதமும் அவனுக்குக் குப்பைத் தொட்டி சுமக்கும் வேலையும் தரை தேய்க்கும் வேலையும்தான்.

இந்தக் கவர்னர் கொடுமைக்காரரா என்று கேட்டுப் பாருங்கள். பந்தயம் வரையில் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, கதவைத் திறந்து காற்றிலே ஓடவிட்டார். பீஹனின் கவர்னர் செய்ததற்கும் இதற்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இந்தத் தயவில் ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறது. அதில் விலை எழுதியிருக்கிறது. நீ எனக்குக் கோப்பை கொடு, நான் உனக்குச் சலுகை தருகிறேன் என்பது அந்த விலை. ஸ்மித்தைப் பார்க்கிறபோது அவர் கண்ணுக்குத் தெரிவது பையன் அல்ல. அலமாரியில் வைக்கப்போகிற வெள்ளிக் கோப்பை. பையனுக்கு இது தெரிகிறது. தோற்றுப் போவதன் மூலமாகத் தவிர வேறு எப்படியும் தான் ஒரு மனிதன் என்று அவனால் அவருக்குச் சொல்லமுடியாது. எனவே தோற்கிறான்.

இந்த இடத்தில் விமரிசகர்கள் வழக்கமாகச் சொல்லுகிற ஒன்றை நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. ஸில்லிட்டோ உண்மையான கலகக்காரர், பீஹன் பாட்டும் கேலியுமாகச் சிறையை இனிப்பாக்கிவிட்டவர் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் ஒரே உண்மையை இரண்டு முனைகளிலிருந்து பிடித்திருக்கிறார்கள். இளவயசுக் கைதியைத் தன்பாட்டுக்கு ஒரு மனிதனாக அறிந்த ஒருவர் உள்ளே இருந்தால், அந்த இடம் சிறையாக இருந்தும் அவன் வளர்கிறான். அவனை ஏதோ ஒன்றுக்குச் சாட்சியாக, ஒரு முறையின் வெற்றிக்கு அத்தாட்சியாக மட்டும் பார்க்கிறவர்கள் இருந்தால், பழத்தோட்டமும் பரந்த வயலும் இருந்தும் அவன் உள்ளே கல்லாகிவிடுகிறான்.

இரண்டு புஸ்தகங்களிலும் குறைகள் இருக்கின்றன. பீஹனின் பிற்பகுதியில் ஆபத்து என்பதே இல்லை. வெயில், கடல், ஆப்பிள், நாடகம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. பல பக்கங்களைத் தாராளமாகக் குறைத்திருக்கலாம். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. பீஹன் வெறுங்கையோடு உள்ளே போனவரல்ல. குடும்பத்தின் பெருமையும், தேசத்தின் வீரர் கதைகளும், நூறு பாட்டுக்களும், படிப்பின் ருசியும் அவரோடு போயிருந்தன. அவர் நன்றாக வெளியே வந்ததற்குப் போர்ஸ்டல் எவ்வளவு காரணம், இந்தச் செல்வம் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல அவர் முயலவில்லை. கூட இருந்த திருட்டுப் பையன்களுக்கு இந்தச் செல்வம் எதுவும் இல்லை. அவர்களை அவர் அழகாக வரைகிறார். ஆனால் அவர்கள் வெளியே போய் என்ன ஆனார்கள் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

ஸில்லிட்டோவின் கவர்னர் அட்டையில் வெட்டிய பொம்மை. அவர் ஏன் அந்தக் கோப்பையை அவ்வளவு விரும்புகிறார், அவருக்கு மேலே யார் என்ன கேட்கிறார்கள் என்று கதை யோசிக்கவே இல்லை. சில இடங்களில் ஸ்மித்தின் வாயிலிருந்து ஆசிரியரின் பிரசங்கம் வருகிறது. டோனி ரிச்சர்ட்ஸன் 1962-ல் இதைப் படமாக எடுத்தபோது இந்தக் குறை பெரிதாயிற்று. கதையில் போர்ஸ்டலுக்கும் போர்ஸ்டலுக்கும் இருந்த பந்தயம், படத்தில் போர்ஸ்டல் பையன்களுக்கும் பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் நடக்கிற பந்தயமாகிவிட்டது. வர்க்கச் சண்டை தெளிவாகத் தெரியட்டும் என்று செய்திருக்கிறார்கள். தெளிவாகத் தெரிகிறது, ஆனால் பையனுக்கும் கவர்னருக்கும் நடுவே இருந்த நுணுக்கமான கணக்கு பின்னால் போய்விட்டது.

இலக்கியத்தை விட்டுவிட்டு நடந்ததைப் பார்ப்போம். 1930-களில், போர்ஸ்டலிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் திரும்பக் குற்றம் செய்யவில்லை என்று பெருமையோடு கணக்குக் காட்டினார்கள். 1970-களில் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஸ்தாபனத்துக்கு நியாயம் செய்யவேண்டுமானால் ஒன்றைச் சொல்லவேண்டும். சிறு குற்றம் செய்தவர்களை இதற்குள் கோர்ட்டுகள் வேறு வழிகளில் விட்டுவிட ஆரம்பித்திருந்தன. உள்ளே வந்தவர்கள் கடினமானவர்கள். இருந்தாலும் விடுதிப் பொறுப்பாளர் பேர் பேராகப் பையன்களை அறிந்திருந்த காலம் போய்விட்டது. போர்ஸ்டலின் வன்முறையைக் காட்டுகிற 'ஸ்கம்' என்ற நாடகத்தை பி.பி.ஸி. 1977-ல் தயாரித்துவிட்டு ஒளிபரப்ப மறுத்தது; 1979-ல் அதைச் சினிமாவாக எடுத்துத்தான் காட்டமுடிந்தது. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் போர்ஸ்டலையே ஒழித்துவிட்டது. பீஹன் இருந்த ஹாலெஸ்லி பே பிற்காலத்தில் பெரியவர்களுக்கான திறந்த சிறையாயிற்று. பெயர் நம்மூரில்தான் தங்கிவிட்டது.

ஸ்மித்தின் பக்கம் இருப்பவர்கள் இதற்குச் சந்தோஷப்படலாம். ஆனால் அடுத்து வந்தது என்ன? திருத்தவேண்டும் என்ற பேராசை போயிற்று. பூட்டி வைப்பது மட்டும் மிஞ்சியது. 2000 மார்ச்சில் ஃபெல்த்தாம் இளங்குற்றவாளிகள் சிறையில் ஸாஹித் முபாரக் என்ற 19 வயது இளைஞனை, அவனுடைய அறையிலேயே வைக்கப்பட்டிருந்த இன்னொரு கைதி தாக்கினான். அந்தக் காயத்தால் முபாரக் செத்துப் போனான். சவர பிளேடுகள் திருடியது போன்ற சில்லறைக் குற்றத்துக்காக 90 நாள் தண்டனை பெற்றவன் அவன். தாக்கப்பட்டது விடுதலையாகவேண்டிய நாளின் விடியற்காலை. தாக்கியவன் இன வெறியன் என்பதற்கு அவன் எழுதிய கடிதங்களே சாட்சி. அந்தக் கடிதங்களில் சில உத்தியோகஸ்தர்கள் கைக்கே வந்திருந்தன. குடும்பத்தார் பிரபுக்கள் சபை வரை வழக்காடி ஒரு பகிரங்க விசாரணை வாங்கினார்கள். 2006-ல் வெளிவந்த அதன் அறிக்கை தவறுகளை வரிசைப்படுத்துகிறது. ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தெரியாது. காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகவில்லை. ஃபெல்த்தாமில் அந்த இரண்டு பையன்களையும் முழுக்க அறிந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. லோடாம் கிரேஞ்சுக்குப் பையன்கள் நடந்து புறப்பட்டதும் அதே ஃபெல்த்தாமிலிருந்துதான்.

2015-ல் ஹாரிஸ் பிரபுவின் குழு, இங்கிலாந்துச் சிறைகளில் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட இளைஞர்களைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. 87 மரணங்களை ஆராய்ந்தார்கள். நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் 18 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். சட்டம் வளர்ந்துவிட்டான் என்று சொல்லுகிற வயது அது. மனம் பக்குவப்படுவது இருபதுகளின் நடுப்பகுதி வரை நடக்கிறது என்ற ஆராய்ச்சியை 2016-ல் பார்லிமெண்டின் நீதிக் குழுவும் ஏற்று எழுதியது. நாவல் படிக்கிறவர்களுக்கு இது புதிய சமாசாரமல்ல. ஹாரிஸ் குழுவின் சிபார்சுகளில் முக்கியமானது ஒன்று. சிறையில் உள்ள ஒவ்வொரு இளைஞனுக்கும், அவனை முழுக்க அறிந்து அவனுக்குப் பொறுப்பேற்கிற ஓர் உத்தியோகஸ்தர் வேண்டும் என்றார்கள். அதற்கென்று தனிப் பதவியை அரசாங்கம் ஏற்படுத்தவில்லை. பின்னால் 2018 வாக்கில், ஏறக்குறைய ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர், ஆளுக்கு வாரத்தில் முக்கால் மணி நேரம் பேச்சு என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆள் போதாத சிறைகளில் முதலில் நின்றுபோவது அந்த முக்கால் மணிதான்.

பேட்டர்ஸன் 1920-களில் தொடங்கிய இடத்துக்கே தொண்ணூறு வருஷம் கழித்துக் குழு போட்டு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதனால் பழைய போர்ஸ்டலைத் திரும்பக் கட்டவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஸ்மித் நின்ற அந்தக் கோட்டை மறந்துவிட்டு அதைக் கட்டினால் மறுபடியும் கோப்பைக்கு ஆசைப்படுகிற கவர்னர்தான் வருவார். இன்று அந்தக் கோப்பைக்குப் பெயர் வேறாக இருக்கலாம். திருந்தியவர்கள் நூற்றுக்கு இத்தனை பேர் என்ற புள்ளிவிவரமாக இருக்கலாம். பையனுக்கு அது எப்படியும் தெரிந்துவிடும். தன்னை அறிந்தவனையும் எண்ணுகிறவனையும் பிரித்துப் பார்ப்பதில் பூட்டி வைக்கப்பட்டவனுக்கு உள்ள கூர்மை நமக்குக் கிடையாது.

நம்மிடத்தில் சிறையை எழுதியவர்கள் பெரும்பாலும் அரசியல் கைதிகள். அவர்கள் பீஹனைப் போலத் தங்கள் செல்வத்தோடு உள்ளே போனவர்கள். பக்கத்து அறையில் சைக்கிள் திருடிவிட்டு வந்திருந்த பதினெட்டு வயதுப் பையன் அவர்களுடைய எழுத்தில் ஓரமாக வந்து போகிறான். சில சமயம் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறான். அவனை நடுவில் நிறுத்தி எழுதுகிறவருக்கு இந்த இரண்டு புஸ்தகங்களும் உதவும். இரக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பையனுக்கு என்ன நன்றாக வரும், எதைக் கண்டு பயப்படுகிறான், எதைப் பார்த்துச் சிரிப்பான் என்று விசாரிப்பதுதான் அந்த வேலையின் ஆரம்பம். அந்த விசாரிப்பு நாவலாசிரியனுக்கு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் சிறையின் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறவருக்கும்.